மீசை உதிர்ந்த கோரி மீன்கள்

கேள்வி:

ஐயா, வணக்கம். மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆசைப்பட்டாள் என்று 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். போர் தண்ணீர் நிரப்பி, கடற்கரை மணலை நன்றாக அலசிப் போட்டு, கரையில் பொறுக்கிய வெள்ளைக் கல் நாலைந்தும் வைத்தேன். மறுநாள் ராமநாதபுரத்தில் கோரி மீன் (தொட்டித் தரையில் மேயும் சின்னக் கெளுத்தி வகை) ஆறு வாங்கிவந்து விட்டோம். கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்றார் கடைக்காரர். பன்னிரண்டு நாளில் மூன்று செத்துவிட்டன. மிச்சம் மூன்றுக்கும் மீசை பாதிதான் இருக்கிறது. அவ்வப்போது சர்ரென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகின்றன. மூச்சு முட்டுகிறதா? தண்ணீர் கேன் போடும் பையன் மீட்டர் வைத்துப் பார்த்து, போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 2400, கேன் தண்ணீர் 40 என்றான். வெயிலுக்குத் தொட்டியில் ஐஸ் போடலாமா? என் மச்சான் கரைவலைக்குப் போகிறவர். கருப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட குட்டிக் கெளுத்தி கூட்டம் கூட்டமாக வலையில் வருகிறதாம். "இதைக் காசு கொடுத்தா வாங்குவாய், நான் தருகிறேன்" என்கிறார். விடலாமா? அப்புறம், மீன் கண்ணடிக்கிறது என்கிறாள் மகள். அதுவும் உண்மையா?

பதில்:

தம்பி, மச்சான் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதுதான் அவசரம். வேண்டவே வேண்டாம்.

அவர் சொல்கிற கோட்டுக் கெளுத்தி எனக்குப் பழக்கம். கன்னத்திலிருந்து வால் வரை இரண்டு வெள்ளைக் கோடு, வாலைப் பார்த்தால் விலாங்கு மாதிரி. பவளப்பார்களை ஒட்டி வாழ்கிற கெளுத்தி அநேகமாக இது ஒன்றுதான். குஞ்சுகள் நூறு, இருநூறு என்று பந்தாகச் சேர்ந்து கடலடியில் உருண்டு போகும். முன்னால் போகிறவை மணலைக் கிளறித் தின்ன, பின்னால் வருகிறவை அவற்றின் முதுகுக்கு மேலே ஏறி முன்னால் வந்து விழும். பார்க்கக் கண் போதாது. ஆனால் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள், மூன்றிலும் விஷம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரைவலை மீனைத் தரம் பிரிக்க உட்கார்ந்து, விரல் நீளம்கூட இல்லாத ஒன்றை அலட்சியமாக எடுத்தேன். நடுவிரலில் ஏறிவிட்டது. தேள் கொட்டினாற்போல ஆரம்பித்த வலி தோள்பட்டை வரை வந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேசாமல் எழுந்து போய் டீக்கடையில் ஒரு போணி வெந்நீர் வாங்கிவந்து, கையை அதற்குள் வைக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. அந்த விஷம் சூட்டில் சிதைகிற புரதம். அதனால் பொறுக்கிற சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைப்பதுதான் இன்றைக்கும் முதலுதவி. முதலில் கொட்டாத கையால் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்; வலியில் கை வெந்துபோவதே தெரியாது. அதற்கப்புறம் கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும், முள் உள்ளே ஒடிந்திருக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை கைவிட்டுச் சுத்தம் செய்கிற தொட்டியில் இதற்கு இடமில்லை.

விஷத்தை விட்டாலும் அது கடல் மீன், உங்கள் தொட்டியில் இருப்பது நல்ல தண்ணீர் மீன். இரண்டும் ஒரே தண்ணீரில் பிழைக்காது. கடல் தண்ணீரில் தனித் தொட்டி வைத்தாலும், வளர்ந்தால் ஓரடி வரும், குட்டியில் இருந்த அந்தக் கூட்டமும் கலைந்துவிடும். வலையில் வந்தால் உயிரோடு கடலில் விட்டுவிடச் சொல்லுங்கள். வெறுங்கையால் வேண்டாம்.

சரி, இனி கோரிக்கு வருவோம்.

உங்கள் மீன்களுக்கு நோய் எதுவும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கடையில் யாராவது மருந்து கொடுத்தால் வாங்காதீர்கள். மண்ணும் தண்ணீரும்தான் கோளாறு. நம் கரையில் இந்த மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நீங்கள் மணலை அலசியதாக எழுதியிருக்கிறீர்கள். அலசினால் உப்பு போகும், சிப்பி போகாது. அந்த மணலில் ஒரு கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, மேலே கொஞ்சம் வினிகர் ஊற்றி, காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சுர்ரென்று நுரை எழும்பும். அது சுண்ணாம்பு. நம் கடற்கரை மணலில் சிப்பியும் சங்கும் பவளமும் அரைபட்ட தூள் நிறைய உண்டு. தொட்டிக்குள் அது மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் வைத்த வெள்ளைக் கல்லும் பெரும்பாலும் செத்த பவளம்தான், அதே வேலையைச் செய்யும். அதை எடுத்துவிடச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பவளத்துக்கு 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் வாசலில் இருந்துகொண்டு தொட்டியில் பவளம் வைத்து வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

மீசைக்கு வருகிறேன். கோரி தின்கிறதை ஒரு நாள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பாருங்கள். தலையைச் சாய்த்து, மீசையால் மண்ணைத் தடவி, கண் வரை முகத்தைப் புதைத்து, ஒரு வாய் மணலை அள்ளும். இரையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாகப் பொலபொலவென்று கொட்டும். நாள் முழுக்க இதுதான் அதற்குத் தொழில். சிப்பித் தூள் கூர்மையானது. அதற்கடியில் தங்குகிற கழிவும் சேர்ந்தால் மீசை முதலில் சிவக்கும், அப்புறம் நுனியிலிருந்து அரித்துக்கொண்டே போகும். நல்ல வேளையாக, வேர் வரை போகாவிட்டால் மறுபடி வளரும். உங்களுக்குப் பாதி இருக்கிறது. நம்பிக்கை உண்டு.

மணலை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, மூன்று மீனையும் அதில் விட்டு, ஏர் கல்லைப் போடுங்கள். மீனைப் பிடிக்கும்போது வலை வேண்டாம், ஒரு டம்ளரில் மொண்டு எடுங்கள். கோரிக்கும் முதுகிலும் பக்கத்திலும் முள் இருக்கிறது, விறைத்து நிறுத்திக்கொள்ளும், வலைக்கண்ணில் மாட்டினால் பிய்த்து எடுக்கும்போது காயம்தான். பழைய மணலை முழுசாக அள்ளிவிட்டு, உருண்டையான மெல்லிய மணல் ஓரங்குலத்துக்குப் போடுங்கள். ஆற்று மணல் கைப்பிடி கிடைத்தால் சலித்து, வினிகர் வைத்துப் பார்த்துவிட்டுப் போடலாம். இல்லையென்றால் தண்ணீர் வடிகட்டிகளில் போடும் சிலிக்கா மணல் மெல்லிய ரகமாகக் கேளுங்கள். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் வேண்டாம். அது உடைத்த கருங்கல், இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தாலே தெரியும். மணல் கிடைக்கத் தாமதமானால் வெறும் கண்ணாடித் தரையே போதும், சிப்பி மணலைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது தண்ணீர். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீன் தின்று கழிக்கிறதெல்லாம் முதலில் அம்மோனியாவாக மாறும். அதைத் தின்று நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் பில்டர் பஞ்சில் குடியேற மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்கள் மறுநாளே ஆறு மீனை இறக்கிவிட்டீர்கள். இது எந்த ஊரிலும் நடக்கிற தவறுதான். ஆனால் நம் கரையில் அதற்குத் தண்டனை அதிகம். அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும், ஒன்று அவ்வளவு கெடுதல் இல்லை, இன்னொன்று விஷம். பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 7, சூடு 25 டிகிரி உள்ள தண்ணீரில் நூறு பங்கு அம்மோனியாவில் விஷ உருவம் ஒரு பங்குகூட இருக்காது. சிப்பி மணல் போட்ட தண்ணீரில் பிஎச் 8.2, மே மாதச் சூடு 31 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே நூறில் 12 பங்கு விஷமாகிவிடும். ஏறக்குறைய இருபது மடங்கு. குளிர்ந்த ஊர்க்காரர் செய்து தப்பிக்கிற தவறை நாம் செய்தால் மீன் செத்துப்போவது இதனால்தான்.

அதோடு, கடையில் அந்த மீன் இருந்த தண்ணீர் டிடிஎஸ் சில நூறுதான் இருந்திருக்கும். பையைத் திறந்து 2400-இல் விட்டீர்கள். நல்ல தண்ணீர் மீனின் உடம்புக்குள் உப்பு வெளியே இருப்பதைவிட எப்போதும் அதிகம், அதனால் ஓயாமல் தண்ணீர் உள்ளே கசியும், மீன் ஓயாமல் அதைக் கழித்துக்கொண்டே இருக்கும். வெளியே உள்ள உப்பு ஒரே நொடியில் ஏறினால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பும். கோரி தென் அமெரிக்க ஆறுகளின் மீன். உப்பு குறைந்த மென்மையான தண்ணீர் அதற்குப் பழக்கம். அதனால் எது வந்தாலும் "ஒரு கைப்பிடி கல் உப்பு போடுங்க" என்கிற கடை வைத்தியமும் இந்த மீனுக்கு வேண்டாம்.

என்ன செய்யலாம்? உங்கள் கையில் இரண்டு எண் இருக்கிறது, அதுவே போதும். 20 லிட்டர் கேன் தண்ணீரில் 2 லிட்டர் போர் தண்ணீர் கலந்தால் டிடிஎஸ் 255 வரும். இதுதான் இனி உங்கள் தண்ணீர். கேன் தண்ணீரை மட்டும் ஊற்றலாமே என்று தோன்றும். கூடாது. 40-இல் எதுவுமே இல்லை, பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கிற சத்து அதில் கிடையாது, ஒரு நாள் பொத்தென்று இறங்கிவிடும். காவிரிக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால் இன்னும் நல்லது. பிளீச்சிங் வாடை போக ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) ஒன்றிரண்டு பரல் போட்டு, ஒரு ராத்திரி வைத்திருந்து ஊற்றலாம். ஊருணித் தண்ணீரும் மென்மையானதுதான், ஆனால் அதோடு என்னென்ன பூச்சியும் கிருமியும் வரும் என்று தெரியாது. அதை நான் ஊற்றுவதில்லை.

ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். மேலேயிருந்து கீழே இறங்குவதும் மீனுக்கு அதிர்ச்சிதான். உங்கள் தொட்டியில் மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் இருக்கும். தினமும் 5 லிட்டர் எடுத்துவிட்டு 5 லிட்டர் கலவையை ஊற்றுங்கள். இருபது நாளில் டிடிஎஸ் சுமார் 450-க்கு இறங்கியிருக்கும், அம்மோனியாவும் கூடவே கழுவிப் போகும். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒருமுறை பத்து லிட்டர் மாற்றினால் போதும். அந்தக் கேன் பையனின் மீட்டர் சில நூறு ரூபாய்தான், நீங்களே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலர் கோட்டை விடுவது. வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் ஆவியாகி ஒரு விரல் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். உப்பளத்தில் நடக்கிற அதே வேலை. குறைந்ததை ஈடுகட்டப் போர் தண்ணீர் ஊற்றினால் வாரத்துக்கு வாரம் உப்பு ஏறிக்கொண்டே போகும். குறைந்ததை நிரப்பும்போது மட்டும் வெறும் கேன் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது கலவை. இதைப் பிள்ளைக்குச் சொல்லி அட்டையில் எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள், மறக்காது.

பில்டர் விஷயம் சுருக்கமாக. ஏர் பம்பில் ஓடும் பஞ்சு பில்டர் ஒன்று போதும். பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குடியேறின பாக்டீரியா போய்விடும். எடுத்துவிட்ட தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும். கரண்டு போகும்போது ஓட பேட்டரி பம்ப் ஒன்று வைத்திருங்கள்.

இனி ஐஸ். நீங்கள் ஐஸ் கம்பெனிக்காரர், உங்களுக்கே தெரியும், அந்தக் கட்டி உறைகிற டின் உப்புத் தண்ணீர்த் தொட்டியில்தான் மிதக்கிறது. மீனுக்கு மேலே போட வார்த்த ஐஸை மீன் தொட்டிக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். அதைவிட முக்கியம், சடாரென்று சூடு இறங்கக் கூடாது. வேறு வழியில்லாத நாளில் ஒரு அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து மூடியோடு மிதக்கவிடுங்கள், ஒரு மணி நேரத்தில் 2 டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலே படும்படி ஒரு சின்ன மேசை விசிறி வைப்பது சிறந்தது. ஆனால் மதுரைக்காரருக்கு விசிறி கொடுக்கிற பலன் நமக்குக் கிடைக்காது. இங்கே காற்றிலேயே ஈரம் நிற்கிறது, ஆவியாவது குறைவு, குளிர்ச்சியும் குறைவு. தொட்டியை ஓட்டு வீட்டின் முன்பக்கத்தில் வைத்திருந்தால் உள்ளறைக்கு மாற்றுவது விசிறியைவிட நல்ல வேலை செய்யும்.

சூடு ஏறினால் தண்ணீரில் கரைகிற பிராண வாயுவும் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்பது, 32 டிகிரியில் 7.3-க்கு வந்துவிடும். மீன் மேலே வந்து காற்றை விழுங்குவதைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில். கோரி காற்றை விழுங்குவது இயல்பு. விழுங்கிய காற்று குடலின் பின்பகுதிக்குப் போய் அங்கேயே ரத்தத்தில் கலக்கிறது. வற்றிப்போகிற ஓடைகளில் பிழைக்கக் கற்ற வித்தை. அரை மணிக்கு ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் கண்டுகொள்ளாதீர்கள். நிமிடத்துக்கு நிமிடம் மேலே ஓடினால் தண்ணீர் கெட்டிருக்கிறது, அன்றைக்கே பத்து லிட்டர் மாற்றுங்கள். மூடி போட்டிருந்தால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு அங்குலம் விடுங்கள், அந்தக் காற்றும் அதற்கு வேண்டும்.

கழிவைத் தின்னும் என்று சொன்ன கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லி விற்றிருப்பார்கள். கோரி மீன் கழிவைத் தின்னாது. தனக்கென்று இரை போடாவிட்டால் கண்ணெதிரே மெலிந்துபோகும். கீழே மூழ்குகிற குளிகை வாங்கி, விளக்கை அணைத்த பிறகு, அரை மணியில் தின்று முடிக்கிற அளவு போடுங்கள். இந்த இருபது நாளும் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். உங்கள் ஊரில் புத்தம் புது இறால் கிடைக்கிறது, வாரத்தில் ஒருநாள் உரித்துக் கழுவி மிளகளவு நறுக்கிப் போடலாம். மிச்சத்தை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். கடையில் விற்கும் டியூபிபெக்ஸ் புழு வேண்டாம். அது சாக்கடைச் சேற்றில் வளர்வது.

மகளிடம் சொல்லுங்கள், அவள் பார்த்தது சரி. மீனுக்கு இமை கிடையாது, ஆனால் கோரி கண்மணியைக் கீழ்ப்பக்கமாகச் சட்டென்று உருட்டி மறுபடி மேலே கொண்டுவரும். நேராகப் பார்த்தால் கண்ணடிப்பது போலவே இருக்கும். இதைக் கவனிக்கிற பிள்ளையிடம் தொட்டியை முழுசாக ஒப்படைத்துவிடலாம்.

மூன்று மீன் போதாது. தனியாக இருந்தால் மூலையில் ஒதுங்கும், சரியாகத் தின்னாது. ஒரே வகையில் குறைந்தது ஆறு வேண்டும். ஆனால் இப்போது வாங்காதீர்கள். இந்த வெயிலில் பஸ்ஸில் பிளாஸ்டிக் பையில் வந்து சேர்வதே அதற்குப் பெரிய சோதனை. ஐப்பசி மழை பிடித்த பிறகு வாங்குங்கள், அதற்குள் தொட்டியும் பழகியிருக்கும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. உடம்பு பச்சையும் செம்பும் கலந்து மின்னினால் பிரான்ஸ் (bronze, வெண்கலம்) கோரி, 27 டிகிரி வரை தாங்கும், அதிலேயே மூன்று சேருங்கள். சாம்பலில் கரும்புள்ளி என்றால் பெப்பர் கோரி, அது குளிர்ந்த தண்ணீர் மீன், நம் ஊருக்கு ஒத்துவராது, மேலும் வாங்காதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஸ்டெர்பா கோரி. விலை கூடுதல், ஆனால் 28 டிகிரியிலும் சுகமாக இருக்கும். சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து சரக்கு எடுக்கிற கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். 2024-இல் ஆராய்ச்சியாளர்கள் கோரிடோராஸ் என்ற பேரினத்தையே உடைத்து, பிரான்ஸ், பெப்பர் இரண்டுக்கும் வேறு வேறு பேர் வைத்துவிட்டார்கள். கடையில் அதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம், கோரி என்றே கேளுங்கள்.

வாங்கிவந்ததும் பையை அப்படியே கவிழ்க்காதீர்கள். பையிலிருக்கும் தண்ணீரோடு மீனை ஒரு சின்ன வாளியில் விட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மீட்டரை வாளியிலும் வைத்துப் பாருங்கள், தொட்டியிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் பக்கத்தில் வந்ததும் மீனை மட்டும் டம்ளரில் மொண்டு உள்ளே விடுங்கள். வாளித் தண்ணீரை வெளியே கொட்டிவிடுங்கள், தொட்டியில் ஊற்றாதீர்கள். பயந்த கோரி வழியில் விஷநீரைக் கசியவிட்டிருக்கலாம், பையில் வந்த மீன்கள் மொத்தமாகச் சாவதற்கு அதுவும் ஒரு காரணம்.